எரெவான் சந்தையில் வள்ளியம்மை பேரம்

செஞ்சி பஜாருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புதுப் புடவை கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால், நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, எந்த ஊரில் எடுத்தது, என்ன விலை, கடைக்காரன் எவ்வளவு ஏமாற்றினான் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதுதான் வயிற்றெரிச்சல்.

பாத்திரக்கடை வெங்கடரமணனின் மனைவி வள்ளியம்மையும் இந்தக் கலையில் லேசுப்பட்டவள் அல்ல. அடுத்தவள் கழுத்துச் சங்கிலியை எட்ட நின்றே எடை போட்டுவிடுவாள். ஆனால் தன் சாமானுக்கு மற்றவர்கள் விலை சொல்வது மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது. இப்போது மகன் தருணுக்குத் திண்டிவனத்தில் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் பரம்பரையாக ஜவுளி வியாபாரம். நிச்சயதார்த்தத்துக்குக் கொண்டுபோகிற வரிசைத் தட்டில் எதை வைத்தாலும், அந்த வீட்டுப் பொடிசு கூட விலை சொல்லிவிடும். இந்தக் கவலையில் வள்ளியம்மைக்குச் சோறு இறங்கவில்லை.

"எவளாலயும் வெல சொல்ல முடியாத சாமானா வேணும்டி," என்றாள் மகளிடம். "தட்டப் பாத்துட்டு அவளுங்க திருதிருன்னு முழிக்கணும்."

மகள் பிரீத்தி கடையின் சரக்கு விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள். "அப்ப ஆர்மீனியா சாமான்தான்."

"அது எந்தப் பக்கம் இருக்குது?"

"ரஷ்யாவுக்குக் கீழ. எல்லாம் கையால செய்யிறாங்க. லேஸு, சால்வ, வெள்ளிக் கம்மல், மண் சாமான். செஞ்சியில ஒருத்தரும் கண்ணால பாத்திருக்க மாட்டாங்க."

"ஒனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"லைன்மேன் பொன்னுசாமி பையன் எழிலன் அங்கதான டாக்டருக்குப் படிக்கிறான். சந்தைக்குப் போனா ஸ்டேட்டஸ்ல போட்டோ போடுவான்."

பிரீத்தி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை அளவுக்கு இருந்தது. பிளஸ் டூ டியூஷனில் எழிலனோடு பழக்கமாகி, ஒரே பஸ்ஸில் போய்வந்து, அவன் ஆர்மீனியத் தலைநகர் எரெவானுக்கு விமானம் ஏறிய அன்று பிரீத்தி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருந்தாள். இப்போது அவனுக்குப் படிப்பு முடிகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் ஊருக்கு வருகிறான். வந்ததும் அப்பாவை அழைத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து பெண் கேட்பேன் என்று நிற்கிறான். பொன்னுசாமியின் வீடு காலனியில். வெங்கடரமணன் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால், பேச்சு முடியும் முன்பே பிரீத்திக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்.

அதனால் அவள் ஒரு திட்டம் போட்டாள். மாப்பிள்ளை என்று காதில் விழும் முன்பே அம்மாவுக்கு அந்தப் பையனைப் பிடித்துப் போக வேண்டும். அம்மா ஒரு மனிதனை எடை போடுவது கோயிலிலும் இல்லை, கல்யாணத்திலும் இல்லை. கடையில்தான். எழிலனை ஒரு கடை வாசலில் நிறுத்திக் காட்டிவிட்டால் போதும்.

அதற்கு முன் அவனுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது.

"எங்கம்மா ஒரு பொருள பாத்து நல்லா இருக்குதுன்னு சொன்னா, அது வேணாம்னு அர்த்தம்," என்றாள் போனில். "மட்டம், குப்பைன்னு திட்டினா அதான் வேணும்னு அர்த்தம். புரியுதா?"

"ஏன் அப்படி?"

"புடிச்சிருக்குதுன்னு காட்டினா கடைக்காரன் வெல ஏத்திடுவான் இல்ல?"

"இங்க யாருக்கும் தமிழ் தெரியாதே."

"அதப் பத்தி எங்கம்மாவுக்குக் கவல இல்ல. நீ அவங்க எதத் திட்டறாங்களோ அத எடுத்து வெய்யி."

எழிலன் கொஞ்சம் யோசித்தான். "எங்க வீட்ல புடிச்சிருந்தா புடிச்சிருக்குதுன்னு சொல்லுவோம். காசு இருந்தா வாங்குவோம். இல்லன்னா வந்துடுவோம்."

"நீ எங்க வீட்டுக்குத்தான மாப்பிள்ள ஆவணும்? எங்க வீட்டுப் பாஷையக் கத்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எவர்சில்வர் குடம் ஒன்றின் மேல் போனைச் சாய்த்து வைத்தார்கள். வள்ளியம்மை முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். வெங்கடரமணன் கல்லாவில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். திரையில் எழிலன் தெரிந்தான். காது வரை கம்பளி மப்ளர், மூக்கு நுனியில் குளிர். அவனுக்குப் பின்னால் திறந்தவெளிச் சந்தை. மரத்துக்கு மரம் கயிறு கட்டிக் கம்பளங்களும் விரிப்புகளும் தொங்கின. அவன் நின்ற கடையில் ஒரு பருத்த அம்மாள் மடியில் நூலை வைத்துக்கொண்டு ஊசியால் பின்னிக்கொண்டிருந்தாள்.

"வணக்கம் ஆன்ட்டி. இவங்க பேரு அனாஹித். எல்லாம் இவங்க கையால பின்னினது," என்று எழிலன் ஒரு வெள்ளை விரிப்பையும் ஒரு சிவப்பு விரிப்பையும் விரித்துக் காட்டினான். சிவப்பில் ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன மாதுளம்பழங்கள். பார்த்த மாத்திரத்தில் வள்ளியம்மைக்கு மூச்சு ஒரு கணம் நின்றது. பிரீத்தி அதைக் கவனித்தாள்.

"வெள்ள நல்லா இருக்குது தம்பி," என்றாள் வள்ளியம்மை. "ரொம்ப நல்லா இருக்குது. செவப்பு இன்னா, சாயம் போற மாதிரி தெரியுது. ஓரமெல்லாம் கோணல். ரேஷன் கடையில விரிக்கலாம்."

எழிலன் சிவப்பைத் தனியாக எடுத்து வைத்தான். அவனுக்கு முன்பே அனாஹித் வெள்ளையை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, சிவப்பை இன்னும் கிட்டத்தில் போனுக்கு நேராகப் பிடித்தாள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. வள்ளியம்மையின் கண்ணை மட்டும் பார்த்தாள். கடை வைத்திருப்பவர்கள் எல்லா நாட்டிலும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள் போலிருக்கிறது.

வள்ளியம்மைக்கும் அது தெரிந்துவிட்டது. இது சாதாரண ஆள் இல்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்து வெள்ளிக் கம்மல். மாதுளம்பழம் பிளந்து உள்ளே செக்கச்செவேல் என்று கல் பதித்தது. "தகரம் மாதிரி இருக்குது," என்றாள். எழிலன் எடுத்து வைத்தான். பூ வேலை செய்த ஒரு சால்வை. "அடடா, இதப் போத்திக்கினா ராணி மாதிரி இருக்கும்," என்றாள். எழிலன் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பிறகுதான் அந்த உப்புப் பொம்மை வந்தது. மண்ணால் செய்த ஒரு பெண். தலையில் துணி கட்டிக்கொண்டு, நிறைமாத வயிற்றில் கைவைத்து நிற்கிறாள். வயிற்றில் ஒரு ஓட்டை.

"இந்த ஊர்ல உப்ப இதுக்குள்ளதான் போட்டு வெப்பாங்களாம் ஆன்ட்டி," என்றான் எழிலன்.

வள்ளியம்மை இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். உப்பு என்றால் மகாலட்சுமி. புது வீட்டுக்கு முதலில் போகிற சாமான் அதுதான். அதையும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் வைத்து, புது மருமகள் வீட்டுத் தட்டில் கொண்டுபோய் வைத்தால் எப்படி இருக்கும்! ஆசை தலைக்கு ஏறியதில் திட்டும் அதே அளவுக்கு ஏறிவிட்டது.

"சீச்சீ! வயித்துல கைய வுட்டு உப்பு எடுக்கறதா? பாக்கவே சகிக்கல. எடுத்து அந்தப் பக்கம் வெய்யி தம்பி. யாரு வாங்குவா இத? காசு குடுத்து எடுத்துக்கினு போன்னு சொன்னா கூட வேணாம்."

எழிலன் முகம் வாடிவிட்டது. இவ்வளவு திட்டுக்குப் பிறகும் இவர்களுக்கு இது வேண்டுமா என்று அவனுக்கு உண்மையிலேயே சந்தேகம். போனுக்குப் பின்னால் நின்ற பிரீத்தி, எடுத்துக்கோ எடுத்துக்கோ என்று இரண்டு கையாலும் விசிறினாள். அவன் எடுத்து வைத்தான்.

அந்தச் சமயம் பக்கத்துக் கடையில் ஒருவன் ஆட்டு ரோமத் தொப்பி ஒன்றைத் தூக்கிக் காட்டினான். கறுப்பு, சுருட்டை ரோமம், ஒரு மரக்கால் அளவு.

"இது இன்னா எழவு? ஆட்டப் புடிச்சித் தலையில உக்கார வெச்ச மாதிரி," என்றாள் வள்ளியம்மை.

பிறகு விலை. அனாஹித் கால்குலேட்டரில் எண்ணைத் தட்டிக் காட்டினாள். வள்ளியம்மை சிரித்தாள். அனாஹித்தும் சிரித்தாள். எண் கொஞ்சம் இறங்கியது. வள்ளியம்மை போனை அணைக்கப் போவது போல் கையை நீட்டினாள். அனாஹித் விரிப்பை மடிக்கப் போவது போல் மடித்தாள். இரண்டு பேருக்கும் நல்ல பொழுதுபோக்கு. வெங்கடரமணனே கல்லாவை விட்டு எழுந்து வந்து நின்று பார்த்தார். எண் இன்னும் இறங்கியது. "இன்னும் கொற, தம்பி," என்றாள் வள்ளியம்மை.

"இல்ல ஆன்ட்டி," என்றான் எழிலன். "இவங்களுக்கு ஒரு கண்ணுல பொறை வுழுந்திருக்குது. இந்தச் செவப்ப முடிக்க ஒரு குளிர்காலம் ஆச்சாம். இதுக்கு மேல கொறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரல. மிச்சத்த வேணும்னா நான் போடறேன்."

வள்ளியம்மை பேரம் பேசும்போது முடியாது என்று சொன்னவர் இந்தப் பஜாரில் யாரும் இல்லை. புருஷன் சொன்னதில்லை. பிரீத்தி கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் கெட்டது என்று நினைத்தாள்.

"நீ ஒண்ணும் போட வேணாம்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வள்ளியம்மை போனை அணைத்தாள். அனாஹித் கடைசியாகக் காட்டிய விலையை அன்றைக்கே முழுசாக அனுப்பிவிட்டாள்.

எழிலனோடு படிக்கும் விழுப்புரத்துப் பெண் ஒருத்தி லீவுக்கு வந்தபோது பை வந்து சேர்ந்தது. கடையிலேயே பிரித்தார்கள். சிவப்பு விரிப்பு வெளியே வந்ததும், பக்கத்துக் கடை செல்லப்பன் மோப்பம் பிடித்தவர் மாதிரி உள்ளே நுழைந்தார். பஜாரில் விலை சொல்வதில் அவரை அடிக்க ஆள் இல்லை. விரிப்பை எடுத்தார். இரண்டு விரலால் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் போட்டு முடிச்சு எங்கே என்று தேடினார். முடிச்சு அகப்படவில்லை. வாயைத் திறந்தார், மூடினார்.

"எங்க எடுத்தீங்க?" என்று கடைசியில் கேட்டேவிட்டார்.

வள்ளியம்மைக்குக் காசி ராமேஸ்வரம் போய்வந்த புண்ணியம் கிடைத்துவிட்டது. "சும்மா, தெரிஞ்ச எடத்துல," என்று உப்புப் பொம்மையை எடுத்து அவர் மூக்குக்கு நேராக வைத்தாள். செல்லப்பன் அதன் வயிற்றைப் பார்த்துவிட்டு, வியாபாரம் இருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டார். பிரீத்திக்கு உள்ளே ஒரே கும்மாளம். இனி அம்மா எழிலனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வாள், மெதுவாகப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தாள்.

பையின் அடியில் இன்னும் ஏதோ இருந்தது. வள்ளியம்மை கையை விட்டு எடுத்தாள். ஆட்டு ரோமத் தொப்பி.

வெங்கடரமணன் அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். மலைப் பாறையெல்லாம் கொதிக்கிற சித்திரை மாதம். நெற்றியில் வேர்வை ஊற்ற, சில்வர் தட்டில் முகம் பார்த்தார். "எனக்கு எடுப்பாத்தான் இருக்குது," என்றார். அவருக்குக் கடைசியாக யார் என்ன வாங்கிக் கொடுத்தார்கள் என்று அவருக்கே நினைவில்லை.

வள்ளியம்மை சிரிக்கவில்லை. வந்த சாமான்களை ஒவ்வொன்றாகக் கல்லா மேஜையில் வரிசையாக வைத்தாள். விரிப்பு, கம்மல், பொம்மை. புருஷன் தலையில் தொப்பி. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் திட்டினது அத்தனையும் வந்திருக்குது," என்றாள் மெதுவாக. "நல்லா இருக்குதுன்னு சொன்ன ஒண்ணு கூட வரல."

பிரீத்தி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் நான் வேணும்னே திட்டினது. தொப்பிய நெஜமாவே திட்டினேன். கூட இருந்து பாத்தவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். காதால கேட்டவனுக்குத் தெரியாது. திட்டினா வேணும்னு அர்த்தம்னு அவனுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க." மகள் பக்கம் திரும்பிக் கேட்டாள். "எத்தன நாளா நடக்குதுடி இது?"

பிரீத்திக்குக் காது வரை சிவந்துவிட்டது. வெங்கடரமணன் நிலைமையைப் புரிந்துகொண்டார். "நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்," என்று தொப்பியோடு இறங்கிப் போய்விட்டார். வீட்டில் இடி விழும்போது டீ குடிக்கப் போவது அவர் வழக்கம்.

வள்ளியம்மை கத்துவாள் என்று பிரீத்தி எதிர்பார்த்தாள். கத்தினால் நல்லது. ஆனால் வள்ளியம்மை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தேன் ஒழுகப் பேசினாள்.

"நல்ல பையன். தங்கமான கொணம். நல்ல படிப்பு, மொகத்துல களையும் இருக்குது. அவங்க ஜனத்துல நல்ல பொண்ணா கெடைக்கும் அவனுக்கு. கல்யாணத்துக்கு நாமளும் போய் மொய் எழுதிட்டு வரலாம்."

பாத்திரக்கடைப் பெண்ணுக்கு இது புரியாதா? ராணி மாதிரி இருக்கும் என்ற சால்வையைப் போலவே எழிலனையும் அம்மா மடித்துத் திருப்பி அனுப்புகிறாள். இதற்கு மறுபேச்சு எப்படிப் பேசுவது என்பதும் அவளுக்குத் தெரியும். அவனா, அவனைப் போய் யார் கட்டுவார் என்று உதட்டைப் பிதுக்க வேண்டும். வேறு இரண்டு வரனைப் புகழ வேண்டும். மாதக்கணக்கில் ஆடலாம். அவளுக்கு அலுத்துவிட்டது.

"அம்மா, எனக்கு எழிலன புடிச்சிருக்குது," என்றாள்.

வள்ளியம்மை பதறிப் போய் வாசலைப் பார்த்தாள். "இப்படியாடி ஒடச்சி சொல்லுவாங்க?"

"வேற எப்படி சொல்லட்டும்? மட்டமான பையன்னு சொல்லவா? எனக்குப் புடிச்சிருக்குது. அவனத்தான் கட்டிக்கணும். அடுத்த மாசம் அவங்க நைனாவோட வந்து கேக்கப் போறான்."

"பஜாரு நமக்கு வெல போட்டுடும்டி. திண்டிவனத்துக்காரங்க காதுல வுழுந்தா தருண் சம்பந்தம் இன்னா ஆவறது?"

"அண்ணன்கிட்ட போன மாசமே சொல்லிட்டேன். திண்டிவனத்துப் பொண்ணுகிட்டயும் அவன் சொல்லிட்டான். அவ அந்தக் கம்மல் எனக்குத்தானன்னு மட்டும் கேட்டாளாம்."

வள்ளியம்மைக்குத் தெரியாமல் அவள் வீட்டிலேயே இவ்வளவு வியாபாரம் நடந்திருக்கிறது. "முடியாது," என்றாள். பிரீத்தி கம்ப்யூட்டரை அணைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விலை குறையுமா என்று போகிறவள் நடக்கிற நடை அது இல்லை என்பது வள்ளியம்மைக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பயம் வந்தது.

"இருடி."

பிரீத்தி நின்றாள்.

"என்கிட்டயே முடியாதுன்னு சொன்னான் பாரு, அப்பவே எனக்குத் தெரியும். இவன் வியாபாரத்துக்கு லாயக்கில்ல. அடுத்தவ கண்ணு வலிக்குதுன்னு சொந்தக் காசப் போடறேங்கறான். கூறு கெட்டவன். ஊர் ஒலகத்துல இல்லாத டாக்டரு."

திட்டு வளர வளர பிரீத்தியின் கண்ணில் நீர் முட்டியது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

"அவங்க நைனாவ வரச் சொல்லு," என்று வள்ளியம்மை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆனா முன்னாடியே சொல்லி வெய்யி. நான் கொஞ்சம் கொற சொல்லுவேன். அது எந்த ஊரு படிப்பு, வீடு எங்க இருக்குது, அப்படி இப்படின்னு. ஒடனே சரின்னா என் மதிப்பு இன்னா ஆவறது? பயந்து எழுந்து போயிடப் போறாரு."

பிரீத்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. "அது அவர்கிட்ட நடக்காதும்மா."

"ஏன்?"

"நீ வேணாம்னா அவரு வேணாம்னுதான் நெனப்பாரு. கரண்ட் போனப்பெல்லாம் இந்தக் கடையில ஏணி போட்டு ஏறியிருக்காரு. ஒரு நாளாவது உள்ள வந்து உக்காருங்கன்னு சொன்னியா? கடை பூரா டம்ளர் வெச்சிக்கினு அவருக்கு மட்டும் பேப்பர் கப்புல டீ குடுத்தோம். அத பேரம்னா நெனச்சிருப்பாரு?"

வள்ளியம்மையைச் சுற்றி நாலு சுவரிலும் கூரை வரை டம்ளர்கள் பளபளத்தன. அத்தனையிலும் அவள் முகம் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கம் அவளுக்கு இதுவரை வந்ததில்லை.

"அப்ப இன்னா சொல்றது அவர்கிட்ட?" என்றாள்.

"உக்காருங்கன்னு சொல்லு. புடிச்சிருக்குதுன்னு சொல்லு."

"நேராவா?"

"நேராத்தான்."

வள்ளியம்மை தொண்டையைச் செருமினாள். உதட்டை நனைத்துக்கொண்டாள். வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். "எனக்கு," என்று ஆரம்பித்து நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள்.

"உங்க பையன எனக்குப் புடிச்சிருக்குது," என்றாள், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

"சத்தமா சொல்லும்மா. அவருக்குக் காதுல வுழ வேணாமா?" என்றாள் பிரீத்தி.

வள்ளியம்மை மகளை முறைத்தாள். பிறகு சத்தமாகச் சொன்னாள்.